கூட்டத்துல வைக்கலாம்

என் அக்காவின் கணவருக்கு ஒரே இடத்தில் மூன்று பேர் சும்மா நின்றால் பொறுக்காது. அந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பெயர் வைத்து, ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த கூட்டம் எப்போது என்று பேசி முடித்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். மூச்சைப் பற்றி இப்படி விளையாட்டாக எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது இதுதான்.

இந்தக் கோளாறு அவருக்குச் சின்ன வயதிலேயே இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது பட்டம் விடுவோர் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினாராம். உறுப்பினர்கள் அவரும், அவருடைய தம்பியும், பக்கத்து வீட்டுப் பையனும். மூவரில் ஒருவரிடமும் பட்டம் கிடையாது. எந்த நூல் வாங்குவது என்று விவாதித்தே ஒரு கோடை விடுமுறை போய்விட்டது. கல்யாணமான புதிதில் அவரே இதை எங்களிடம் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நாங்கள் இருந்தது நாலு மாடி வாடகைக் குடியிருப்பில், கடைசி மாடி. அக்கா, மாமா, அவர்கள் மகன், நான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அப்புறமும் ஆகவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். குடியிருப்பில் மாடிப்படி விளக்கு எரியவில்லை என்றால் மற்ற மனிதர்கள் ஒரு பல்பு வாங்கி மாட்டுவார்கள். மாமா படிவிளக்கு நலக் குழு அமைத்தார். குழு இருட்டிலேயே கூடி, இருட்டிலேயே கலைந்தது. கடைசியில் அக்காதான் ஸ்டூல் போட்டு ஏறி பல்பை மாட்டினாள். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "குழுவுக்கு என்னோட பாராட்டையும் தெரிவிச்சிடுங்க" என்றாள்.

எந்தப் புகார் வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கூட்டத்துல வைக்கலாம்." கூரை ஒழுகுகிறது என்றாலும் அதுதான், பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தம் என்றாலும் அதுதான். மகனுக்கு ஒருமுறை உடம்பு கொதித்தபோது அக்கா, "இவனை டாக்டர்கிட்ட காட்டவா, இல்ல கூட்டத்துல வைக்கவா?" என்று கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வராத மனிதர். அதுதான் அவருடைய நல்ல குணம், அதுவேதான் அவரைக் கவிழ்த்தது.

வெளியே இருப்பவர்களுக்கு மன்றம், கழகம், குழு எல்லாம் ஒன்றுதான். அவருக்கு அப்படி இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார்.

"குழுன்னா ஒரு வேலைக்காகச் சேர்றது. வேலை முடிஞ்சா கலைஞ்சிடணும். வட்டம்னா அதுல தலைவர் கிடையாது, எல்லாரும் பேசுவாங்க, அதனால ஒண்ணும் முடிவாகாது. அணின்னா எதிர்ல ஒருத்தன் வேணும். மன்றம்னா டீயும் பிஸ்கட்டும் இருக்கும். பேரவைக்கு மைக் இல்லாம ஆகாது."

"அப்ப சங்கம்?" என்று கேட்டேன்.

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு யோசித்தார். "சங்கம்னா ஒருத்தனுக்கு அடிபட்டா மத்தவன் எல்லாம் வேலையை நிறுத்திட்டு நிக்கணும். மத்ததுல சேர்றது சுலபம். இதுல சேர்றவன் யோசிச்சுத்தான் சேரணும்."

அவர் நன்றாகத் தெரிந்துதான் வைத்திருந்தார். தெரியாமல் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது.

அவரும் நானும் ஒரே கல் பட்டறையில் வேலை பார்த்தோம். பெரிய பெரிய கல் பலகைகள் லாரியில் வந்து இறங்கும். அவற்றை அளவுக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து, பளபளப்பாக்கிச் சமையல் மேடைகளுக்கும் தரைகளுக்கும் அனுப்புவார்கள். மாமா விளிம்பு தேய்க்கும் பகுதியில் இருந்தார். விரலால் தடவிப் பார்த்தால் பால்கட்டி மாதிரி வழுக்க வேண்டும், அதுவரை தேய்ப்பார். நான் கடைசிக் கொட்டகையில், முடிந்த பலகைகளுக்கு ஸ்பான்ச் தாள் சுற்றி மூலைகளுக்கு அட்டை ஒட்டுகிறவள். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு.

கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மெல்லிய குழாய் வரும். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்தால் தூசி எழும்பாது, சேறாகி வழிந்து கால்வாயில் போய்விடும். தண்ணீர் இல்லாவிட்டால் அந்தச் சேறு முழுவதும் காற்றில் நிற்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

பிறகு செயற்கைக் கல் வந்தது. கல்லை மாவாக்கிப் பசையில் குழைத்து அழுத்திச் செய்தது. வாங்குகிறவர்களுக்கு அதன் மேல் ஒரே மோகம். அதன் சேறு சீக்கிரம் இறுகிவிடும். தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டது, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சேற்றை வடிக்கத் தொட்டி கட்ட வேண்டும். முதலாளி தொட்டி கட்டவில்லை. விளிம்புப் பகுதிக்குப் போகிற பெரிய வால்வை மூடச் சொன்னார் மேலாளர். "கொஞ்ச நாளைக்குத்தான். தண்ணியில்லாம டிரையா செஞ்சா வேலை சீக்கிரமும் முடியும்" என்றார்.

அன்றிலிருந்து விளிம்புப் பகுதி ஆட்கள் வெள்ளையாக வெளியே வந்தார்கள். கைக்குட்டையை மூக்கில் கட்டியிருப்பார்கள். கண்ணிமை முடியெல்லாம் நரைத்த மாதிரி இருக்கும். தகரச் சுவரின் திறப்பு வழியாக எங்கள் பக்கமும் தூசி வரும். காலையில் துடைத்த மேஜையில் மதியம் விரலால் கோலம் போடலாம். நாங்கள் போட்டுச் சிரித்திருக்கிறோம்.

கல் பலகைகளைத் தூக்கி வைக்கிற கிரேன்காரர் ஒருவர் இருந்தார். உயரத்தில் ஒரு கூண்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மேலேருந்து பார்த்தா உங்க யாரோட தலையும் எனக்குத் தெரியல. வெறும் புகைதான். கொக்கியை இறக்கவே பயமா இருக்கு. நீங்க ஆளைச் சேக்குறதுல கெட்டிக்காரர்னு சொல்றாங்க. ஒரு சங்கம் ஆரம்பிங்க. தண்ணியைத் திறக்கச் சொல்லிக் கேப்போம்."

மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் வீடு தேடி வந்து அவரைக் கூட்டம் போடச் சொல்கிறார். அக்கா கிரேன்காரருக்கு இரண்டாவது தடவை டீ கொடுத்தாள். அவளுக்கும் அன்று கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் கூட்டம் நடப்பதற்கு முன்பே மேலாளர் மாமாவை அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை மாமா சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு வரி விடாமல் சொன்னார்.

"தலைவரே, உட்காருங்க" என்றாராம் மேலாளர். "நீங்கெல்லாம் ஒண்ணு கூடுறதுல எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா சங்கம்னு ஒரு வார்த்தை முதலாளி காதுல விழுந்தா அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிடும். அவர் கெட்டவர் இல்ல. அந்த வார்த்தைதான் அவருக்கு ஆகாது. மன்றம்னு வைங்களேன். பழைய ஜெனரேட்டர் ரூமைக் காலி பண்ணித் தர்றேன். ஒரு கேரம் போர்டும் வாங்கித் தர்றேன்."

தெருவில் எல்லோரும் மாமாவைக் கேலியாகத் தலைவரே என்று கூப்பிடுவதுண்டு. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி அந்த வார்த்தையைச் சொன்னவர் மேலாளர் ஒருவர்தான். அந்த ஒரு தலைவரேயில் மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

கிரேன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டறை வாசலில் மாமாவை நிறுத்தி வைத்துச் சொன்னார். "சங்கம்னா சங்கம்னு சொல்லுங்க. சொல்றதுக்கே பயமா இருந்தா அப்புறம் எதைக் கேக்கப் போறீங்க? என்னை விட்டுடுங்க."

"பேரா முக்கியம்? கூடுறதுதானே முக்கியம்?" என்றார் மாமா. கிரேன்காரர் கொஞ்ச நாளில் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எங்கள் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மனமகிழ் மன்றம் தொடங்கியது. பொய் சொல்லக் கூடாது, அந்த அறை நன்றாகத்தான் இருந்தது. மாமாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவரே பெயிண்ட் அடித்துப் பலகை எழுதினார். கேரம் அணி வந்தது, பாட்டுக் குழு வந்தது, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பழப்பையோடு போய்ப் பார்த்து வர நலம் விசாரிப்புக் குழு வந்தது. மாமாவுக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்தவருக்கு நல்ல குரல். அவரைப் பாட்டுக்காரர் என்றே கூப்பிடுவோம். மதிய இடைவேளையில் அவர் பாடினால் நாங்கள் பெண்கள் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் கையை நிறுத்திவிட்டுக் கேட்போம். கேரம் போர்டுக்குப் பவுடர் மட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் விஷயம் முதல் கூட்டத்திலேயே வந்தது. கௌரவத் தலைவர் என்ற முறையில் மேலாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "இது மனமகிழ் மன்றம். மனசுக்குச் சந்தோஷம் தர்ற விஷயம் மட்டும் இங்க பேசுவோமே. தண்ணிக்குத் தனியா ஒரு குழு போட்டுக்குங்க."

மாமாவுக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. ஒரு வேலைக்கு ஒரு குழு, அவருடைய இலக்கணமும் அதுதானே. தண்ணீர்க் குழு என்று பெயர் சொன்னார்.

"தண்ணீர்க் குழுன்னா டேங்கர் லாரிக்காரங்க மாதிரி இருக்கு தலைவரே" என்றார் மேலாளர். "ஊரே தண்ணி இல்லாம தவிக்குது. நீர் சிக்கனக் குழுன்னு வைங்க. முதலாளி காதுக்கு நல்லா இருக்கும். அவருக்குப் பிடிச்சாத்தானே நீங்க கேக்குறது நடக்கும்."

அன்று வீட்டில் நான் சண்டை போட்டேன்.

"தண்ணி வேணும்னு கேக்குறதுக்கு யாராவது சிக்கனக் குழு போடுவாங்களா மாமா?"

"பேருதானேம்மா. உள்ள போய் நாம கேக்க வேண்டியதைக் கேப்போம்."

"உள்ள போய் என்ன கேப்பீங்க? சிக்கனமா செத்துப் போறோம்னா?"

அக்கா என்னை அடக்கினாள். மாமா தட்டைப் பார்த்தபடி, "கூட்டத்துல வைக்கலாம். வைக்காம இருப்பேனா?" என்றார்.

நீர் சிக்கனக் குழு கூடியது. ஏற்கெனவே மூடியிருக்கிற வால்வை மூடியே வைத்திருப்பதற்காக மேலாளர் குழுவுக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஏன் தட்டினோம் என்று பிறகு ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வால்வுக்கு மேலே ஒரு பலகை வைப்பது என்று முடிவாயிற்று. எழுதியது மாமாதான். நீல பெயிண்டில், ஓரத்தில் ஒரு நீர்த்துளியும் வரைந்து, அழகாக எழுதியிருந்தார். "நீரைச் சேமிப்போம். குழாயை எப்போதும் மூடி வைக்கவும். இப்படிக்கு, நீர் சிக்கனக் குழு."

அதுவரை அந்த வால்வு மேலாளர் சொல்லி மூடிய வால்வு. அன்றிலிருந்து அது நாங்கள் மூடிய வால்வு ஆகிவிட்டது.

இதற்குப் பிறகு வருஷங்கள் போயின. தண்ணீர் விஷயத்தைக் கொண்டுபோகும்போதெல்லாம் அந்த இடத்துக்கு அது பொருத்தமில்லை என்று பதில் வரும். மாமா சளைக்காமல் இன்னொன்றைத் தொடங்குவார். சுகாதார வட்டம், பணியிட மேம்பாட்டுப் பேரவை, கருத்துப் பரிமாற்ற மன்றம் என்று எத்தனையோ. பேரவைக்கு மைக்கும்கூட வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. அவர் அகராதியில் மிச்சமிருந்த ஒரே சொல் சங்கம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செலவழித்துவிட்டார்.

முதலில் விழுந்தது பாட்டுக்காரர். ஒரு மதியம் பாடிக்கொண்டிருந்தவர் வரியின் நடுவில் நின்றுவிட்டார். வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்து நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். வார்த்தை மறக்கவில்லை, காற்று போதவில்லை. அடுத்த வாரம் பாதி வரியோடு நின்றார். பிறகு பாடுவதை விட்டார், படியேறுவதை விட்டார், வேலையை விட்டார். நலம் விசாரிப்புக் குழு பழப்பையோடு போய் வந்தது. மறுபடி மறுபடி போனது. அப்புறம் அதே தூசிக்குள் இருந்த அறுக்கும் பகுதியில் ஒருவர், பாலிஷ் பகுதியில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பட்டறையில் மிகவும் சுறுசுறுப்பாக நடந்த அமைப்பு அந்த நலம் விசாரிப்புக் குழுதான். பாட்டுக்காரர் செத்தபோது மாமா இறுதி மரியாதைக் குழு தொடங்கினார். அதற்கும் வேலை வந்துகொண்டே இருந்தது.

மாமாவும் மாடிப்படியில் நிற்கத் தொடங்கினார். முதலில் மூன்றாவது மாடியில் நின்றார், பிறகு இரண்டாவதில். யாராவது வந்தால் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வார். மெஷின் முன்னால் அவரால் பாதி நாள்கூட நிற்க முடியாமல் போனபோது மேலாளர் பெருந்தன்மை காட்டினார். "உங்க இடத்துல உங்க மகனையே வைக்கிறேன் தலைவரே. உங்களுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?" மகன் அப்போது வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி, மனைவி பிள்ளைத்தாய்ச்சியாகத் தாய் வீட்டில் இருந்தாள். அன்று வீட்டில் இனிப்பு வாங்கினோம். நானும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப்போனது அதற்குப் பிறகு. டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "கல் தூசி உள்ள தங்கி நுரையீரல் முழுக்கத் தழும்பாயிடுச்சு. இதை எடுக்க முடியாது. மருந்து மூச்சுத் திணறலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். முன்னாடியே தூசியிலேருந்து விலகியிருக்கணும்."

மாமா தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி ஊத்தி வேலை செஞ்சா இது வராதா?" என்று கேட்டார்.

"ரொம்பக் குறையும். ஏன், நீங்க தண்ணி ஊத்துறதில்லையா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே சுவரைப் பார்த்தேன்.

வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "அவன் அந்த மெஷின்ல நிக்கிறான்" என்றார். என் கோபம் அந்த இடத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

வேலையை விட்டுவிடச் சொல்லி மகனிடம் கேட்டுப் பார்த்தார். "விட்டுட்டு எங்கப்பா போறது? குழந்தை வரப் போகுது" என்றான் அவன். ஆகவே ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தண்ணீரைத் திறக்க வைக்க வேண்டும். மகன் நுரையீரலில் தழும்பு விழுவதற்குள் வைக்க வேண்டும்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மன்றம்னா அது விளையாட்டு, பொழுதுபோக்கு. குழுன்னா அது உங்க கம்பெனியோட உள் விஷயம். சங்கம்னு பதிவு பண்ணி வாங்க, நாங்க நிர்வாகத்தைக் கூப்பிட்டுப் பேசுறோம்."

ஆக, எல்லாக் கதவையும் சுற்றிவிட்டு அந்த வார்த்தைக்கே வந்து நின்றார் மாமா. நான் முதலில் என் பெயரைக் கொடுத்தேன். அவரும் நானும். இன்னும் சிலர் வேண்டும்.

வீடு வீடாகப் போனோம். நான் ஒரு மடக்கு ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொள்வேன். தெருமுனை வந்தால் விரித்துப் போடுவேன், அவர் உட்கார்ந்து மூச்சு வாங்குவார், மடக்கி எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவோம். எல்லா வீட்டிலும் அவருக்கு மரியாதை இருந்தது. வயதில் மூத்தவர்கள்கூட எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்கள்.

"அதான் மன்றம் இருக்கே தலைவரே, இப்ப எதுக்குப் புதுசா?" என்றார் ஒருவர்.

"சங்கம்னாலே முதலாளிக்கு ஆகாதுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?" என்று இன்னொருவர் கேட்டார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே குழப்பத்தில் கேட்டார்.

சேர்ந்திருக்கக் கூடியவர்கள் வீட்டில் சுவரில் படமாக இருந்தார்கள். பாட்டுக்காரர் வீட்டில் அவர் மனைவி எங்களை உட்கார வைத்துக் கண் கலங்கினாள். "அவர் இருந்தா கண்டிப்பா வந்திருப்பாருங்க. உங்க மேல அவ்வளவு பிரியம்" என்றாள். மாமா அந்தப் படத்தை ஏறிட்டுப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார்.

சேர்ந்தவர்களில் முதல் பெயரும் என்னுடையது, கடைசிப் பெயரும் என்னுடையது. மகன் பெயரைக் கேட்கலாமே என்று நான் சொன்னேன். அவன் வேலைக்கு ஆபத்து வரும் என்று மாமா தயங்கினார். அவர் தயங்கிக்கொண்டிருந்தபோதே மேலாளர் முந்திக்கொண்டார். ஒரு சாயங்காலம் மகன் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வந்தான். இளைஞர் அணித் தலைவர், அதோடு நீர் சிக்கனக் குழுவின் புதிய செயலாளர்.

"என்னை உட்கார வச்சுப் பேசினாருப்பா. அப்பா மாதிரியே வரணும்னு சொன்னாரு."

அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் முன்பு ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன். மாமாவும் அதை அடையாளம் கண்டுகொண்டார். பேட்ஜைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

அதற்கு அடுத்து வந்த நாட்களில் ஒன்று. முற்பகல். நான் ஒரு பலகைக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். தகரச் சுவரின் திறப்பு வழியாகப் பார்த்தால் மாமா வருகிறார். ஒரு கையில் மடக்கு ஸ்டூல், மறு கையில் பைப் ரெஞ்ச். காவலாளி வணக்கம் சொல்லி உள்ளே விட்டிருக்கிறார். நாலு எட்டு வைப்பதும் ஸ்டூலைப் போட்டு உட்காருவதுமாக அந்த முற்றத்தைக் கடந்து வந்தார். வால்வுக்கு முன்னால், தான் எழுதிய பலகைக்குக் கீழே, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ரெஞ்சைப் பொருத்தித் திருப்பினார்.

வருஷக்கணக்கில் திறக்காத வால்வு. முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினார். பிறகு கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. குழாய்கள் இருமின. மெஷின்களின் மெல்லிய குழாய்களிலிருந்து முதலில் துருத் தண்ணீர் தெறித்தது, அப்புறம் நல்ல தண்ணீர் வந்தது.

தூசி அடங்கியது. அதை எப்படிச் சொல்வது? அங்கே முகங்கள் தெரிந்தன. தண்ணீர் விழுந்ததும் ஒவ்வொருவராக மெஷினை நிறுத்தினார்கள். ஒருவர் கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுக் குழாய்க்குக் கீழே முகத்தைக் காட்டினார். நான் கொட்டகையை விட்டு ஓடி வந்து அந்தத் திறப்பில் நின்றேன். அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒருவருக்கு அடிபட்டிருக்கிறது, மற்றவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். மாமா சொன்ன இலக்கணத்தில் குறையே இல்லை.

மேலாளர் வந்தார். கத்தவில்லை. அவர் என்றைக்கும் கத்தியது கிடையாது. "தலைவரே, உடம்புக்கு முடியாத நேரத்துல எதுக்கு இப்படி?" என்று மாமாவின் தோளில் கை வைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே குழுவோட செயலாளர்? போர்டுல என்ன எழுதியிருக்கு?"

மகன் பலகையைப் பார்த்தான். அப்பாவின் கையெழுத்து, அப்பா வரைந்த நீர்த்துளி. கீழே ஸ்டூலில் அப்பா, சட்டை நனைந்து, வாய் திறந்து, பேச மூச்சில்லாமல். எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானும் சொல்லவில்லை. நீர் சிக்கனக் குழு கூடி முடிவு செய்த விஷயம் அது, நாங்கள் கை தட்டிய விஷயம்.

"குடுங்கப்பா, நனைஞ்சிட்டீங்க" என்று மகன் மெதுவாக அவர் கையிலிருந்து ரெஞ்சை வாங்கினான். வால்வை மூடினான். இந்த முறை அது சுலபமாகத் திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது. பிறகு மற்றவையும்.

அதற்குப் பிறகு மாமா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் உருளை ஒன்று அவர் பக்கத்தில் நின்றது. அக்கா பகலெல்லாம் அவர் முதுகுக்குத் தலையணை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு சாயங்காலம் மகன் வேலை முடிந்து நேராக அவரிடம் வந்தான். முகம் கழுவியிருக்கவில்லை, இமை முடி வெள்ளையாக இருந்தது. மாமா மூக்குக் குழாயை விலக்கிவிட்டு அவனையே பார்த்தார்.

"எந்தப் பேரும் வேணாம்டா" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னார். "மன்றம் வேணாம், குழு வேணாம். நீ அந்தக் குழாயை மட்டும் தொற."

மகன் கட்டிலில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிள்ளை அவன். அப்பாவைப் போலவே கோபம் வராதவன்.

"சரிப்பா. கூட்டத்துல வைக்கிறேன்."

மாமாவின் உதடு கொஞ்சம் விரிந்தது. பார்த்தவர்கள் சிரித்தார் என்றுதான் சொல்வார்கள். அக்காகூட அப்படித்தான் நம்புகிறாள். அவள் அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரத்திலேயே அவர் போய்விட்டார்.

இறுதி மரியாதைக் குழு எல்லாவற்றையும் முறையாகச் செய்தது. இரங்கல் கூட்டத்தில் மன்றம், பேரவை, வட்டம், இரண்டு அணிகள், எல்லாக் குழுக்களும் வரிசையாகப் பெயர் சொல்லி மாலை வைத்தன. அவர் தொடங்கிய எதுவும் பாக்கியில்லை. மேலாளர் பேசும்போது குரல் தழுதழுத்தது. நீர் சிக்கனக் குழுவின் பலகை மழையில் மங்கியிருந்ததால் மகன் அதைப் புதிதாக எழுதினான். அவனுக்கும் அதே கையெழுத்துதான்.

நான் இன்னும் அங்கேதான் அட்டை ஒட்டுகிறேன். சங்கத்துக்கு ஆள் கேட்டு மதிய இடைவேளையில் பேசுகிறேன். கேட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். இப்போது என் பக்கத்து மேஜைக்காரி ஒருத்தி மட்டும், யோசிச்சுச் சொல்றேன் என்றிருக்கிறாள்.

போன வாரம் மகனின் குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கீழே படியில் அவன் ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் ஓடி ஏறுகிறவன். சத்தம் மூன்றாவது மாடியில் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மேலே வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த மடக்கு ஸ்டூலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.